சண்டை விமானம் எங்கே ஒடிகிறது, ஏன் ஒடிகிறது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

சண்டை முடிந்து, புல்லில் கிடந்த ஆர்சி (ரேடியோவால் இயக்கும்) மாதிரி விமானத்தைப் பொறுக்கி வந்து மேசையில் வைத்ததும் கை தானாகப் பசையைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். எங்கே ஒடிந்திருக்கிறது, எப்படி ஒடிந்திருக்கிறது என்று பார்க்காமல் ஒட்டினால் அடுத்த வாரமும் அதே இடத்தையே ஒட்டிக்கொண்டிருப்போம். நான் ஒரு சீசன் முழுக்க அதைத்தான் செய்தேன்.

ஆர்சி சண்டைப் பறப்பில் பெரும்பாலும் இரண்டு வகை. வாலில் க்ரேப் காகித நாடாவைக் கட்டிக்கொண்டு பறந்து எதிராளியின் நாடாவை அறுப்பது ஒன்று. ஃபோம் இறக்கைகளை வேண்டுமென்றே மோதவிட்டு, கடைசிவரை ஆகாயத்தில் நிற்பது யார் என்று பார்ப்பது இன்னொன்று. முன்னதில் மோதல் விபத்து, பின்னதில் மோதல்தான் ஆட்டமே. இரண்டுக்கும் விமானம் அடி தாங்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் மின்மோட்டார் பொருத்திய, ஒரு கிலோவுக்கு உட்பட்ட ஃபோம் விமானங்களுக்கு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 600 கிராம் விமானம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போனால் அதனிடம் 120 ஜூல் ஆற்றல் இருக்கும். உறுதிக்காக அதையும் இதையும் ஒட்டி 900 கிராம் ஆக்கினால் 180 ஜூல். அந்த 120 ஜூலை மூக்கு 2 செ.மீ. நசுங்குவதற்குள் நிறுத்த வேண்டுமானால் சராசரியாக 6,000 நியூட்டன் விசை விழும். அதே மூக்கு 10 செ.மீ. நசுங்கிக் கொடுத்தால் 1,200 நியூட்டன்தான். ஐந்தில் ஒரு பங்கு! அடி தாங்கும் விமானம் என்றால் விறைப்பான விமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

“லேசாகத் தட்டினாலே இறக்கை இரண்டாகிறது”

ஒடிந்த வாயைப் பாருங்கள். சுத்தமாக வெட்டினாற்போல, உள்ளே மணிமணியாகத் தெரிந்தால் அது தெர்மாகோல். மடிந்து, மடிப்பு விழுந்து, ஆனால் விட்டுப் போகாமல் தொங்கினால் ஈபிபி என்ற வளைந்து கொடுக்கும் ஃபோம், உள்ளே தண்டு (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் கம்பி) போதவில்லை. கார்பன் தண்டு முடிகிற இடத்தில் சரியாக ஒடிந்திருந்தால் குற்றம் ஃபோம் மேல் இல்லை, தண்டை நிறுத்திய உங்கள் மேல். மூன்றுக்கும் மருந்து வேறு.

தெர்மாகோல் லேசானது, விறைப்பானது, அழகாகப் பறக்கும். சண்டைக்கு மட்டும் ஆகாது. ஒரு மோதலுக்கு ஒரு விமானம் என்று கணக்குப் போட்டால் சரி. கடைகளில் வரும் தயார் விமானங்கள் பலவும் ஈபிஓ என்ற ஃபோமில் செய்தவை. அது நடுத்தரம்: தட்டுக்குத் தாங்கும், பலத்த அடிக்கு ஒடியும், சூப்பர் குளூ போட்டால் பிடிக்கும். பழகுவதற்கு அது போதும்.

சண்டைக்கென்றே தேர்ந்தெடுப்பதானால் ஈபிபி. கார் பம்பருக்குள் அதிர்ச்சி தாங்க வைப்பதும் இதே பொருள்தான். விரலால் அழுத்தி விட்டால் குழி மெல்ல மேலே எழும்பி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லிட்டருக்கு 20 கிராம், 30 கிராம் என்ற இரண்டு அடர்த்திகள் மாதிரி விமானக்காரர்களிடம் அதிகம் புழங்குபவை. இறக்கைக்கு 20, மூக்குக்கும் முன்விளிம்புக்கும் 30 என்பது என் வழக்கம். முழுவதையும் 30-ல் செய்தால் அடி தாங்கும், ஆனால் திருப்பத்தில் எதிராளி உள்ளே புகுந்துவிடுவான்.

விளம்பரப் பலகைக்குப் பயன்படும், உள்ளே குழல்குழலாக இருக்கும் கோரோபிளாஸ்ட் அட்டையிலும் கட்டுகிறார்கள். ‘எளிய பிளாஸ்டிக் விமான வடிவமைப்பு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அந்த ரக விமானங்களுக்கு ‘ஸ்பாட்’ என்று பெயர். முதல் உலகப் போரில் பறந்த பிரெஞ்சு ஸ்பாட் சண்டை விமானத்தின் பெயரும் அதுவே என்பதால் பேர் வைத்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். உடைக்கவே முடியாத சாமான், ஆனால் கனம். சக்தி வாய்ந்த மோட்டார் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். பால்சா மரமா? மோதலுக்குப் பிறகு பல் குத்த உதவும்.

ஈபிபியின் குறை, அது தொளதொளவென்று இருப்பது. வெறும் ஈபிபி இறக்கை முழு வேகத்தில் சிறகடிக்கும். இங்கேதான் நான் சறுக்கினேன். தொளதொளப்பு பிடிக்காமல் இறக்கை முழுக்கக் கண்ணாடி இழைத் துணி போர்த்தி எப்பாக்ஸி பூசினேன். மேசையில் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம். பெருமையாக மைதானத்துக்குக் கொண்டுபோனேன். மூத்த பறப்பாளர் ஒருவர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது விமானமா, அம்மிக்கல்லா?” என்றார். முதல் மோதலிலேயே மேலோடு முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது. உள்ளே ஈபிபிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மூடியிருந்த ஓடுதான் வளையத் தெரியாமல் உடைந்திருந்தது.

விறைப்பை இறக்கை முழுக்கப் பூசக் கூடாது, வேண்டிய திசையில் மட்டும் கொடுக்க வேண்டும். இறக்கை மிகத் தடிப்பாக இருக்கும் இடத்தில், முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், கார்பன் குழாய் ஒன்றைப் பள்ளம் தோண்டிப் பதியுங்கள். ஒரே எடைக்குத் திடக்கம்பியைவிடக் குழாய் அதிக விறைப்பைத் தரும். ஒரு குழாய் இறக்கையின் பாதியில் முடிந்தால், வளைவு முழுவதும் அந்த முனையில் வந்து குவியும், ஃபோம் அங்கேயே மடியும். நுனிவரை ஓடவிடுங்கள். முடியாவிட்டால் மேலும் கீழுமாக இரண்டு குழாய் பதித்து, அவை வேறுவேறு இடத்தில் முடியட்டும். வெட்டிய முனையை டேப்பால் மூடுங்கள், கார்பன் சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. அறுக்கும்போது முகமூடி கட்டாயம்.

அடுத்தது இழை ஓடிய பேக்கிங் டேப். அதன் பலமெல்லாம் இழுவையில். இறக்கையின் கீழ்ப்பக்கம் நீளவாக்கில் ஒட்டிய டேப், விமானம் இழுத்துத் திரும்பும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதைத் தடுக்கும். மேல்பக்க டேப், தலைகீழாக விழும்போது காப்பாற்றும். இவை இரண்டும் முறுக்கலைத் தடுக்காது. முறுக்கலுக்கு மூலைவிட்டமாக, 45 பாகை அளவில், எக்ஸ் வடிவில் இரண்டு பட்டைகள் வேண்டும். இதை விட்டுவிட்டு நீளவாக்கில் மட்டும் ஐந்தாறு பட்டை ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கனம் ஏறியதுதான் மிச்சம். கடைசியாக முன்விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை. அதில் சுருக்கமோ தூக்கிய ஓரமோ இருக்கக் கூடாது. மோதும்போது உரிய ஆரம்பிப்பது அந்த ஓரத்திலிருந்துதான்.

“ஒட்டிய இடம் தோல் மாதிரி உரிந்து வருகிறது”

ஈபிபியும் கோரோபிளாஸ்டும் பாலிப்ரொப்பிலீன் வகை. அதன் மேற்பரப்பு வழுக்கல் குணம் கொண்டது, பசை ஊறிப் பிடிக்காது. ஈபிபியில் பசை நிற்பதற்குக் காரணமே வெட்டிய முகத்தில் திறந்து கிடக்கும் மணிகளின் இடுக்குகளில் அது நுழைந்து கொக்கி போடுவதுதான். ஆகவே அச்சில் வார்த்த பளபளப்பான முகத்தில் ஒட்டாதீர்கள். மணல்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

உரிந்த பசைக் கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஃபோம் துணுக்குகள் அதோடு வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது, ஃபோம்தான் தோற்றது. பெரிய பரப்பில் ஒட்ட வேண்டும். கண்ணாடி மாதிரிச் சுத்தமாக வந்திருந்தால் பசையே பிடிக்கவில்லை. எப்பாக்ஸி இறுகினால் விறைப்பாகிவிடும், பக்கத்திலிருக்கும் ஃபோம் வளையும்போது அது வளையாது, ஓரத்தில் கிழியும். மோட்டார் தாங்கிக்கு மட்டும் எப்பாக்ஸி வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்கு இறுகிய பிறகும் ரப்பர் போல இழுபடும் பசையைப் போடுங்கள். ஹாட் குளூ அவசரத்துக்கு நல்லது, வெயிலில் இளகும். டேப் ஒட்டுவதற்கு முன் ஸ்ப்ரே பசையை லேசாக அடித்து, கை வைத்தால் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் கரைப்பான் உள்ளே அடைபட்டு, வெயிலில் டேப் கொப்பளிக்கும். சாதாரண சூப்பர் குளூவைத் தெர்மாகோலில் விட்டால் பள்ளம்தான் மிஞ்சும், அதைக் கரைத்துவிடும்.

“விழும்போதெல்லாம் மோட்டார் போகிறது”

முன்னால் மோட்டார் வைத்த விமானத்தில் முதலில் தரையைத் தொடுவது ப்ரொப்பெல்லர்தான். எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீங்களே தீர்மானித்துவிடுங்கள். சிறிய விமானமானால் ப்ரொப்பெல்லரை ரப்பர் வளையத்தால் பிடித்து வைக்கும் ப்ராப் சேவர் போதும், தரையில் பட்டதும் அது சாய்ந்து கொடுக்கும். பெரியதானால் மோட்டார் தாங்கியை 3 மி.மீ. நைலான் திருகுகளில் மாட்டுங்கள். திருகு அறுந்தால் மாற்ற இரண்டு நிமிடம். எஃகுத் திருகு அறுவதில்லை, அதற்குப் பதிலாகத் தாங்கிப் பலகை மூக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

பறக்கும் இறக்கையில் (தனி வால் இல்லாத, இறக்கை மட்டுமேயான விமானம்) மோட்டார் பின்னால் இருப்பதால் அடி அவ்வளவு படாது. என்றாலும் ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். அச்சின் நுனி ஆடினால் அச்சு வளைந்திருக்கிறது, நேராக்க முயலாமல் மாற்றுங்கள். உரசும் சத்தம் வந்தால் மணிக்குள், அதாவது மோட்டாரின் சுழலும் வெளிக்கூட்டுக்குள், ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்று பெயர்ந்திருக்கலாம். மணி முன்பின்னாக நகர்ந்தால் அச்சின் முனையிலிருக்கும் சின்னக் கிளிப் கழன்றிருக்கிறது. அதைக் கவனிக்காமல் பறந்தால் நடுவானில் மணியும் ப்ரொப்பெல்லரும் தனியாகப் பயணம் போகும். த்ராட்டில் கொடுத்ததும் மோட்டார் சுற்றாமல் நடுங்கினால் மோட்டாரையே குறை சொல்லாதீர்கள், மூன்று ஒயர்களில் ஒன்று விட்டிருக்கும். இந்தச் சோதனையைக் கண்டிப்பாக ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

“பழுது பார்த்த பிறகு பறப்பதே மாறிவிட்டது”

மூக்கு மேலும் கீழும் அலைந்து, டிரான்ஸ்மிட்டர் ஸ்டிக்கைத் தொட்டாலே துள்ளினால் எடை மையம் பின்னால் போயிருக்கிறது. ஒட்டுப் போடுவது பெரும்பாலும் பின்பக்கம், அதனால் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எடை மையத்துக்கு 20 செ.மீ. பின்னால் 10 கிராம் டேப் ஏறியிருந்தால், 10 செ.மீ. முன்னால் 20 கிராம் வைத்தால்தான் தராசு நேராகும். மொத்தம் 30 கிராம் கூடிவிட்டது பாருங்கள். ஈயம் சேர்ப்பதற்கு முன் பேட்டரியை முன்னால் தள்ளிப் பார்ப்பதே புத்தி. பறக்கும் இறக்கையில் எடை மையம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே தெரியும். விரல் நுனியில் வைத்துக் கண்ணால் மட்டம் பார்க்கிற வேலை இங்கே செல்லாது. அளந்து கோடு போட்டு, கோட்டில் தாங்கிப் பாருங்கள்.

ஸ்டிக்கை முழுக்க இழுத்தால் ஒரு பக்கமாகச் சுருண்டு விழுகிறதா? இறக்கை முறுக்கியிருக்கிறது. விமானத்தின் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, பின்விளிம்பையும் முன்விளிம்பையும் ஒரே கோட்டில் பாருங்கள். ஒரு பக்கம் முன்விளிம்பு தெரிந்து மறுபக்கம் மறைந்தால் அதுதான் ஆசாமி. ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து இளஞ்சூடு காட்டி, எதிர்த்திசையில் தேவைக்குச் சற்றே அதிகமாக முறுக்கி, ஆறும்வரை பிடித்திருந்து, பிறகு மூலைவிட்ட டேப்பைப் புதிதாக ஒட்டுங்கள். டிரான்ஸ்மிட்டரில் ட்ரிம் (சிறு நிரந்தரத் திருத்தம்) போட்டுச் சமாளித்தால் நேராகப் பறப்பதில் மட்டும் சரியாகும், இறுக்கமான திருப்பத்தில் மறுபடி காலை வாரும்.

“முழு வேகத்தில் பர்ர்ர் என்று ஒரு சத்தம்”

எலிவான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை, துடிக்கிறது. உடனே த்ராட்டிலைக் குறைத்து இறக்குங்கள். இன்னொரு ரவுண்டு பார்க்கலாம் என்ற ஆசையே வேண்டாம், சில விநாடிகளில் கீல் கிழிந்துவிடும். இறக்கியதும் சர்வோவை (எலிவானை அசைக்கும் சின்ன மோட்டார்) அசையாமல் பிடித்துக்கொண்டு எலிவானை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் எங்கிருந்து வருகிறது? ஹார்ன் (எலிவானில் பொருத்திய கொம்பு) துளை பெரிதாகிவிட்டதா, புஷ்ராட் (சர்வோவையும் ஹார்னையும் இணைக்கும் கம்பி) மெல்லியதாக இருப்பதால் வளைகிறதா, கீல் டேப் தளர்ந்ததா? ஹார்ன் பக்கம் வெளித்துளையிலும் சர்வோ கை பக்கம் உள்துளையிலும் புஷ்ராடை மாட்டினால் சர்வோவின் பிடி கூடும், ஆட்டம் குறையும். எலிவானை ஃபோமில் செய்யாமல் விறைப்பான பொருளில் செய்யுங்கள்.

“சர்வோ பல் அடிக்கடி உடைகிறது”

உலோகப் பல் சர்வோ வாங்கினால் தீரும் என்பார்கள். பாதிதான் உண்மை. பல் உடையாவிட்டால் அந்த அடி சர்வோ கைக்கோ ஹார்னுக்கோ போகும். ஹார்ன்களை இறக்கையின் மேல்பக்கம் வையுங்கள், வயிற்றில் இறங்கும்போது புல்லில் சிக்காது. சர்வோவை ஃபோமுக்குள் மட்டமாகப் புதையுங்கள்.

“சண்டை நடுவில் ஒரு நொடி கட்டுப்பாடே இல்லை”

எதிராளியின் ரேடியோ இடைஞ்சல் என்று சொல்லிக்கொள்வது ஆறுதலாக இருக்கும். பெரும்பாலும் காரணம் உங்கள் விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. தரையில், ப்ரொப்பெல்லர் இல்லாமல், இரண்டு ஸ்டிக்கையும் வேகமாகச் சுழற்றிக்கொண்டே ஒரு நண்பரை எலிவான்களை விரலால் தடுக்கச் சொல்லுங்கள். ரிசீவர் விளக்கு சிமிட்டினால் மின்னழுத்தம் விழுகிறது. ஈஎஸ்சிக்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) இருக்கும் சின்ன பிஇசி (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி), பலமான இரண்டு சர்வோக்களின் பசியைத் தாங்கவில்லை. தனியாக 3 முதல் 5 ஆம்பியர் தரும் பிஇசி வைத்தால் தீரும்.

விளக்கு சிமிட்டவில்லை என்றால் ஆன்டெனாவைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் உண்மையில் வேலை செய்வது அந்த ஒயரின் நுனியில் மேலுறை உரிக்கப்பட்ட சுமார் 31 மி.மீ. துண்டு மட்டுமே. அது கார்பன் குழாயை ஒட்டியோ பேட்டரிக்கு அடியிலோ இருந்தால், சில கோணங்களில் திரும்பும்போது மறைபடும். கார்பன் மின்கடத்தி, அலையைத் தடுக்கும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பனிலிருந்து விலக்கி வையுங்கள். ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால் விமானம் தானாக எடுக்கும் நிலையில், த்ராட்டில் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்காமல் பறக்காதீர்கள். அடி தாங்கும் விமானம், கட்டுப்பாடு போன பிறகும் நன்றாகவே பறக்கும், ஆட்கள் நிற்கிற பக்கமாகக்கூட.

“பேட்டரி நசுங்கியிருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது”

வேண்டாம். 3 செல், 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஏறக்குறைய 180 கிராம். 600 கிராம் விமானத்தில் அதுதான் சுத்தியல். மூக்கை உடைப்பது பெரும்பாலும் தரையல்ல, பின்னாலிருந்து வந்து இடிக்கும் பேட்டரி. அதற்கு முன்னால் ஒரு கை அகல ஃபோமை விட்டு, வெல்க்ரோவோடு பட்டையும் போட்டுக் கட்டுங்கள். பலத்த மோதலுக்குப் பிறகு அதை வெளியே எடுத்து, எரியாத தரையில், ஆட்களும் சாமான்களும் இல்லாத இடத்தில் வைத்து அரை மணியாவது கண்காணியுங்கள். உப்பினாலோ, மூலை மடங்கியிருந்தாலோ, ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடத் தனியாக இறங்கியிருந்தாலோ மறுபடி சார்ஜ் ஏற்றக் கூடாது.

“எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றே தெரியவில்லை”

இதைப் பழுது என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் நான் இழந்த விமானங்களில் பாதி இப்படித்தான் போயின. மேலே ஒரே பளிச்சென்ற நிறம், கீழே கறுப்பும் வெள்ளையுமாகத் தடித்த பட்டைகள். மெல்லிய அலங்காரக் கோடெல்லாம் முப்பது மீட்டருக்கு மேல் சாம்பல் நிறமாகிவிடும்.

“நாடாவை அறுத்தேன், உடனே மோட்டாரும் நின்றது”

எதிராளியின் நாடா உங்கள் ப்ரொப்பெல்லர் அச்சில் சுற்றிக்கொண்டது. சுற்றாத மோட்டாருக்குத் த்ராட்டில் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஈஎஸ்சி எரியும். சத்தம் மாறியதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மிதந்தபடியே இறக்குங்கள். உங்கள் சொந்த நாடாவே உங்கள் மோட்டாரில் சுற்றினால், பின்மோட்டார் விமானத்தில் அதை நடுவில் கட்டியிருக்கிறீர்கள். இரண்டு இறக்கை நுனிகளிலிருந்து நூல் கொண்டுவந்து, ப்ரொப்பெல்லருக்கு நன்றாகப் பின்னால் முக்கோணமாகச் சேர்த்து, அங்கே நாடாவை முடியுங்கள். எந்த நூல் தளர்ந்தாலும் ப்ரொப்பெல்லரை எட்டாத நீளமா என்று இழுத்துப் பாருங்கள்.

இறக்கியதும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகுதான் நாடாவில் கை வைக்க வேண்டும். காகிதம் எளிதில் வந்துவிடும். அதைக் கட்டியிருந்த நூல் ப்ரொப்பெல்லரின் பின்னால், மணிக்கும் பேரிங்குக்கும் நடுவில் இறுகிக் கிடக்கும், வெளியே தெரியாது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி, ஊசியால் நெம்பி எடுங்கள். நூல் மீதமிருந்தால் மோட்டாரைக் கையால் சுற்றும்போது ஒரே இடத்தில் மெல்லத் தடுக்கும்.